உயிரோடு இருந்த வில்லிக்கு நான் அடித்த கல்வெட்டு

நான் மரணத் திகதி போட்டு அச்சடித்த மனிதர் ஒரு வியாழக்கிழமை காலை, கையில் பாதி கடித்த இறைச்சிப் பண்டத்துடன், மீற் பையுடன், எங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"குட் மோர்னிங்" என்றார் காலமானவர்.

எனக்குப் பின்னால் இருந்த மேசையில் அவருடைய நினைவுப் புத்தகம் இருநூறு பிரதிகள் அடுக்கியிருந்தது. தடித்த கறுப்புக் கரை. நடுவில் அவர் படம். படத்துக்குக் கீழே அவர் இறந்த நாள், அதாவது போன வாரத்துப் புதன்கிழமை.

அச்சுத் தொழிலில் முப்பது வருடம் கழித்துவிட்டேன். எழுத்து தலைகீழாக விழுந்திருக்கிறது. கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் மாப்பிள்ளையின் இடத்தில் ஏறியிருக்கிறது. அவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். பிழையே நடந்து வந்து குட் மோர்னிங் சொன்னால் அதை எந்தக் குறி போட்டுத் திருத்துவது? இன்று கொம்பியூட்டரில் பக்கம் அமைக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் ஒரு தட்டுத் தட்டி அழித்துவிடுகிறீர்கள். நான் கொன்றது ஈய எழுத்தில். ஆகவே உட்கார்ந்து கேளுங்கள்.

1. எந்த இங்கிலீசும் கோர்ப்பேன்

எழுபதுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ண் வந்தேன். ரிச்மண்டில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை கேட்டேன். முதலாளி பெயர் ஜாக். நெடிய, மெலிந்த மனிதர். ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

"ஈய எழுத்தைக் கையால் கோர்க்க வருமா?"

"வரும். எந்த இங்கிலீசும் கோர்ப்பேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அதற்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

"மூன்று மாதம் பார்ப்பேன். பெயர்?"

"கனகரத்தினம்."

ஜாக் கூரையைப் பார்த்தார். "கென்" என்றார். அன்றைக்குரிய சொற்கள் தீர்ந்துவிட்டன.

மூன்று மாதம் முடிந்து நான் நிரந்தரமானால், குடிவரவுத் திணைக்களத்துக்கு ஜாக் ஒரு கடிதம் தரவேண்டும். 'இவர் எங்கள் நிரந்தர ஊழியர்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவி பவளத்தைக் கூப்பிடலாம். அறை நண்பன் பரமலிங்கம், ரயில்வேயில் டிக்கற் பார்ப்பவன், தினமும் மாலையில் ஒரே கேள்விதான் கேட்பான்.

"என்ன மச்சான், இண்டைக்கும் வைச்சிருக்கிறாங்களோ, கலைச்சிட்டாங்களோ?"

பவளத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் தொழில் பழகியது அவளுடைய தகப்பனின் அச்சகத்தில். அங்கே புரூஃப் பார்ப்பவள் அவள். எங்களுக்குள் முதல் நடந்த எழுத்துப் பரிமாற்றம் காதல் கடிதமல்ல. நான் கோர்த்த பக்கத்தில் அவள் சிவப்பு மையால் பதினேழு இடத்தில் சுழித்து அனுப்பியதுதான்.

அந்த அச்சகம் கல்வெட்டுக்குப் பெயர் போனது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இறந்தவர் படம், தோற்றம் மறைவு, அவரைப் புகழ்ந்து பாட்டு, பெண்சாதி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சுற்றிவரக் கறுப்புக் கரை. அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். மாமா எங்களுக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: துக்க வீட்டாரிடம் கேள்வி கேட்கக்கூடாது. பாட்டையும் படத்தையும் தந்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். கரை எவ்வளவு தடிப்பு, படம் எங்கே, திகதி எங்கே, எல்லாம் நாங்களே பார்த்துச் செய்ய வேண்டும். 'அழுகிற ஆளிட்டைப் போய் அளவு கேளாதை' என்பார்.

நான் சட்டத்தை மறக்காமல் கப்பல் ஏறியவன்.

2. மரியாதையா இருக்கவேணும்

இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மக்டுகல் என்று ஒரு குழாய் வேலைக்காரர் வந்தார். சிவந்த புருவம், முழங்கை வரை கிறீஸ். பிரதேசத்து ஸ்கொட்லாந்துக்காரர் சங்கத்தின் கவிராயர் இவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. கவுண்டரில் நாலு தாளையும் படம் பொறித்த ஒரு துத்தநாக அச்சுக் கட்டையையும் வைத்தார்.

அவர் பேசியது ஸ்கொட்ஸ். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசுக்கும் அதற்கும் உள்ள தூரம், நம்முடைய பாடப்புத்தகத் தமிழுக்கும் மீன் சந்தைத் தமிழுக்கும் உள்ள தூரம். ஆகவே அவர் பேச்சை நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் தரப்போகிறேன். அதுதான் நியாயமான மொழிபெயர்ப்பு.

"தம்பி, இது எங்கட வில்லிக்கு. இருநூறு. அடுத்த சனி மத்தியானச் சாப்பாட்டுக்கு வேணும்."

முகத்தில் ஒரு சிரிப்பில்லை. கோயில் மணி போலக் குரல்.

"புரூஃப் எப்ப பார்ப்பீர்கள்?"

"புரூஃப் வேண்டாம். நான் பெண்டிகோவுக்கு வேலைக்குப் போறன், வியாழன்தான் வருவன். எழுதினபடி கோரும். ஒண்டு மட்டும், நல்ல மரியாதையா இருக்கவேணும். வில்லி பெரிய மனிசன்."

தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து ஒரு கணம் நின்றார். பிறகு போய்விட்டார். நானும் என் நெஞ்சில் கை வைத்தேன். கையில் மை இருந்தது, சட்டை போயிற்று.

தாளைப் பார்த்தேன். தலைப்பில் 'எலிஜி' என்று இருந்தது. எலிஜி என்றால் இரங்கற்பா, அது படித்திருக்கிறேன். கீழே ஒரு சொல் விளங்கினால் நாலு சொல் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பத்தியின் வாலிலும் 'வில்லி இஸ் டீட்' என்று வந்தது. டீட் என்பது டெட்டின் உறவுக்காரன் என்று ஊகிக்க முடியாதவனா நான்? மூன்று நீள வரி, ஒரு குட்டி வரி, திரும்ப ஒரு நீளம், ஒரு குட்டி. விம்மி விம்மி அழுகிற மாதிரியே இருந்தது. ஐயோ பாவம், எவ்வளவு துக்கம் இருந்தால் ஒரு குழாய் வேலைக்காரர் பாட்டு எழுதுவார்!

கடைசித் தாளின் அடியில் ஒரு திகதி. போன புதன். மறைவுத் திகதியை எழுதித் தந்திருக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். கவிராயர் பாட்டு எழுதி முடித்த நாளையும் அடியில் குறிப்பார் என்பது மூளைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படக் கட்டையில் ஒரு கொழுத்த மனிதர் கில்ற் பாவாடை கட்டி, தோற்பை வைத்த பைப் வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் தேங்காய். இதுவா கிடைத்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் எங்களூரில் சைக்கிளில் ஏறி நிற்கும் படத்தைக்கூடக் கல்வெட்டுக்குத் தந்திருக்கிறார்கள். துக்க வீட்டாரிடம் கேள்வி கேட்கக்கூடாது.

திங்களும் செவ்வாயும் அந்த வேலையைத் தவமாகச் செய்தேன். கறுப்புக் கோடு விழுத்தும் பன்னிரண்டு பொயின்ற் உலோகப் பட்டியை, ரூலை, எடுத்து, நுனிகளை நாற்பத்தைந்து பாகையில் சீவி, மூலைக்கு மூலை ஊசி நுழையாமல் சேர்த்தேன். மேசை இலாச்சியில் ஒரு சிலுவையும், துணி போர்த்த ஒரு பூச்சாடியும் கிடந்தன. இரண்டையும் ஏற்றினேன். முகப்பில், கேட்காமலே, 'அன்பான நினைவாக' என்ற பொருளில் ஒரு வரி. எல்லாம் மாமா வழி.

ஜாக்தான் மெஷினில் அடித்தவர். அவர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஜாக் தான் அடிப்பதை வாசிப்பதில்லை. நாற்பது வருடமாக அவர் மையை மட்டுமே பார்த்திருக்கிறார். ஒரு பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல கறுப்பு" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு. அந்த மகிழ்ச்சியில் புதன்கிழமை பின்னேரமே கோர்ப்பைப் பிரித்து எழுத்தையெல்லாம் எழுத்துப் பெட்டியின் அறைகளில் திரும்பப் போட்டுவிட்டேன்.

3. காலமானவரின் மீற் பை

இனி வியாழன்.

"குட் மோர்னிங்" என்றார் அவர் இரண்டாம் தடவை. "நான் வில்லி. சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மெனு காட் அடிக்கக் குடுத்தது. எடுக்க வந்தனான்."

இறைச்சிக்கடைக்காரர். கன்னம் இரண்டும் அதே தேங்காய்.

முதலில் பேய் என்று நினைத்தேன். பேய் மீற் பை தின்னாது என்று அடுத்த கணம் தேறினேன். அதற்கடுத்த கணம் தேறியதுதான் பயங்கரம்: உயிரோடிருக்கும் ஆளுக்குக் கல்வெட்டு அடித்துவிட்டேன். அறம் பாடி ஆளைக் கொன்ற புலவர்களைப் பற்றித் தமிழ் வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. பாட்டு, பெயர், படம், திகதி, இருநூறு பிரதி. வாய்ப்பாட்டுக்கே ஆள் போகும் என்றால் அச்சுக்கு எவ்வளவு வேகமாகப் போவார்!

முதுகால் மேசையை மறைத்துக்கொண்டு, "இருங்கள்" என்று அவர் பக்கம் கிடந்த கதிரையைக் காட்டினேன்.

"நிண்டு கொள்ளுறன்."

"இல்லை, தயவுசெய்து இருங்கள். நிற்காதீர்கள். உடம்பு எப்படி?"

"ஆற்ற உடம்பு?"

"உங்கள் உடம்பு. நெஞ்சில் நோவு ஏதும்? மூச்சு?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு ஒரு கடி கடித்தார். என் விதி, அது தவறான குழாயில் இறங்கிவிட்டது. இருமினார். சிவந்தார். சிவப்பு ஊதாவாக மாறியது.

நான் கவுண்டரைச் சுற்றி வரவில்லை, மேலால் பாய்ந்தேன். மெனு காட்டுகள் பறந்தன. அவர் முதுகில் இரண்டு கையாலும் மேளம் அடித்தேன். "சாகாதேங்கோ! சாகாதேங்கோ! இப்ப வேண்டாம்!" என்று தமிழிலேயே கத்தினேன். ஒரு துண்டு இறைச்சி பறந்து போய் நாட்காட்டியில் ஒட்டியது.

வில்லி மூச்சை இழுத்தார். கண்ணைத் துடைத்தார்.

"தம்பி, உன்ர அடியில தப்பினதுதான் பெரிய விசயம்" என்றார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். மெனு காட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வாசலில் நின்று திரும்பி, "இந்த நாட்டில இவ்வளவு அக்கறையா ஆரும் என்னைப் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிரதியும் அவர் கண்ணில் படவில்லை.

நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

4. வாய் விட்டு வாசியும்

ஒளிக்க முடியாது என்று ஜாக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதன்முறையாகத் தான் அடித்த ஒன்றை வாசித்தார். முகப்பை வாசித்தார், திகதியை வாசித்தார், என்னை வாசித்தார்.

"ஆள் உயிரோடு இருக்கிறார்?"

"இப்போது வரைக்கும்."

மத்தியானம் மக்டுகல் பெண்டிகோவிலிருந்து நேரே வந்தார். ஒரு பிரதியைக் கையில் எடுத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் இன்னொரு கிளாஸ் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் கட்டிங் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு.

"அட விசரா! இது பகிடியடா! வில்லி எங்கட பகிடிக்காரன். சங்கச் சாப்பாட்டில வருசா வருசம் ஒருத்தனைப் பாட்டில சாகடிச்சுப் போடுவம்."

"உயிரோடு இருக்கிறவரையா?"

"பின்னை? எங்களுக்கு ஒருத்தனை மெய்யாய்ப் பிடிச்சால் அவன் சாகும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டம். இருக்கேக்கையே ஒப்பாரி வைப்பம். செத்தாப் பிறகு பாடினால் அவனுக்குக் கேக்குமே?"

நான் கோர்த்த கல்வெட்டுகளில் ஒருவர்கூடக் கஞ்சனில்லை, கோபக்காரனில்லை; எல்லோரும் கொடைவள்ளல்கள். அவர்களில் ஒருவர்கூட அதை வாசித்ததுமில்லை.

"உமக்குப் பாட்டு விளங்கேல்லையோ?"

"எழுத்து எழுத்தாகக் கோர்த்தேன்."

"கண்ணால வாசிச்சால் ஸ்கொட்ஸ் விளங்காது. வாய் விட்டு வாசிக்கவேணும். கேளும்."

மை நாற்றத்துக்கு நடுவில், கோயில் மணிக் குரலில், அவர் வாசித்தார். ஒரு தசையும் அசையவில்லை. காதில் விழ விழ எனக்கு விளங்கத் தொடங்கியது. என்னால் முடிந்த மாதிரித் தருகிறேன்:

மெல்பேர்ண் முழுக்க அழுகுது பார்,
மேயிற செம்மறி சிரிக்குது பார்,
ஆட்டுக்கு எமனாய் இருந்தது ஆர்?
     வில்லி போயிட்டார்!
இனிமேல் சொசேஜ் சுத்துறது ஆர்?
     வில்லி போயிட்டார்!

பைப்பைத் தூக்கி ஊதின நாள்,
பக்கத்து வீட்டார் ஓடின நாள்,
பூனையும் தெருவை மாத்தின நாள்;
     வில்லி போயிட்டார்!
நாய்க்கு இண்டைக்குத்தான் நல்ல நாள்,
     வில்லி போயிட்டார்!

இதையா நான் இரண்டு நாள் கண் கலங்கிக் கோர்த்தேன்! பூனை வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. கை பட்டு மேசையிலிருந்த எழுத்துக் கோர்ப்புத் தட்டைக் கவிழ்த்தேன். ஒரு மணி நேரக் கோர்ப்பு நிலத்தில் சிதறியது. அதற்கும் சிரித்தேன். மக்டுகல் என்னைத் தட்டினார். நான் அவரைத் தட்டினேன். ஜாக் சிரிக்கவில்லை.

"இது சரியா, பிழையா?" என்றார்.

மக்டுகல் நிதானமானார். கரையின் மேல் விரலை ஓட்டினார்.

"பாட்டுக்கு இதைவிட நல்ல உடுப்பு நான் கனவிலும் காணேல்லை. இவ்வளவு துக்கமா அடிச்சதாலதான் சிரிப்பு வருது. வில்லியும் சிரிப்பான். ஜீன்தான்..."

ஜீன் வில்லியின் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன்னர் தன் தகப்பனைப் புதைத்தவள். அப்போதும் இதே மாதிரிக் கறுப்புக் கரை போட்ட காட் அடித்தார்களாம். அவள் மடியில் இந்தக் கரையையும் கணவனின் படத்தையும் திகதியையும் வைத்தால் என்ன ஆகும்?

திரும்ப அடிக்க வழியில்லை. எழுத்தைப் பிரித்தாயிற்று. வெள்ளி முழுவதும் மெஷினில் குதிரைப் பந்தய நிரல் ஓட வேண்டும். ஜாக் தன் வாழ்நாளின் மிக நீண்ட பேச்சைப் பேசினார்.

"சனிக்கிழமை நீ இவற்றைக் கொண்டு போ. அந்த அம்மா சிரித்தால் திங்கட்கிழமை வேலைக்கு வா. அழுதால் வராதே, மேட்."

பின்னேரம் பரமலிங்கம் கேட்டான். "என்ன மச்சான், வைச்சிருக்கிறாங்களோ, கலைச்சிட்டாங்களோ?"

"அது ஒரு இறைச்சிக்கடைக்காரன்ர மனிசியின்ர கையில கிடக்கு."

"உமக்குக் காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

5. முன்னால இருந்து சாப்பிட்டது ஆர்?

சனி மத்தியானம் புட்ஸ்கிரேயில் ஒரு தேவாலய மண்டபம். எண்பது, தொண்ணூறு பேர். செம்மறியின் இரைப்பைக்குள் ஈரலும் ஓட்சும் அடைத்து அவித்த ஹகிஸ் என்ற பண்டத்தைத் தட்டில் வைத்து, முன்னால் பைப் ஊதி, சாமி ஊர்வலம் போலக் கொண்டு வந்தார்கள். ஊதியவர் வில்லி. பூனை ஏன் தெரு மாறியது என்று எனக்கு உடனே விளங்கியது.

நான் குசினி வாசலோரம் ஒரு கதிரையில் இருந்தேன். ஓடுவதற்கு வசதியான இடம். சாப்பாடு முடிய மக்டுகல் எழுந்து, எல்லோருக்கும் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னார். கறுப்புக் கரையைக் கண்டதும் மண்டபம் அடங்கியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வில்லி தன் படத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

மக்டுகல் வாசித்தார். முதல் பத்தியில் மேசைகள் ஆடத் தொடங்கின. பூனைக்கு வரும்போது ஒரு பல்செட் தட்டில் விழுந்தது. தொண்ணூறு பேர் சிரித்தார்கள். நான் ஒருவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீன் சின்னப் பெண்மணி. சாம்பல் நிறச் சட்டை. அவள் சிரிக்கவில்லை. பாட்டைப் பார்க்கவுமில்லை. பெருவிரலால் கறுப்புக் கரையைத் தடவிக்கொண்டே போனாள். மூலை வந்ததும் நின்றாள். அடுத்த பக்கம் தடவினாள். என் மனத்துக்குள் பவளத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்: 'அன்பின் பவளம், ஆட்டிறைச்சி காரணமாக...'

பாட்டு முடிந்தது. ஜீன் எழுந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். மக்டுகலின் புருவம் வெளுத்தது. நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"போன வாரம் புதன்கிழமை என்ர புருசன் செத்துப் போனார் எண்டு இதில போட்டிருக்கு" என்றாள் மெதுவாக. "அச்சில வந்தால் உண்மையாத்தான் இருக்கும்."

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் ஒண்டு கேக்கவேணும். அண்டைக்குப் புதன், என்ர மேசையில எனக்கு முன்னால இருந்து நாலு ஆட்டிறைச்சிச் சொப்ஸ் சாப்பிட்டது ஆர்? சாப்பிட்டுப் போட்டு என்ர கட்டிலில போய்க் குறட்டை விட்டது ஆர்? அந்த மனிசன் இஞ்ச இருந்தால் கையை உயர்த்தட்டும். வில்லியிலும் பார்க்க நல்ல ஆளாய் இருந்தவர்!"

மண்டபம் வெடித்தது. கையை உயர்த்தினவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. அதில் பாதிரியாரும் ஒருவர். வில்லி மேசையில் தலையை வைத்து அடித்து அடித்துச் சிரித்தார்.

"இந்தத் திகதி போட்டது ஆர்?" என்று ஜீன் சுற்றிப் பார்த்தாள். மக்டுகல் வெட்கமில்லாமல் என்னைக் காட்டினார். எழுந்து நின்றேன். அவள் என்னிடம் வந்தாள். கண் ஈரமாகத்தான் இருந்தது. சிரித்த ஈரமா மற்றதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ர அப்பாவுக்கு அடிச்ச காட்டில இந்தக் கரை மூலையில சேரவே இல்லை. இடைவெளி விட்டுக் கிடந்தது. அண்டைக்கெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்." புத்தகத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "இது சேர்ந்திருக்கு. பகிடிக்கே இவ்வளவு வேலை செய்திருக்கிறாய்."

"மன்னிக்கவும், திகதி பிழை" என்றேன்.

"இருக்கட்டும். ஒருநாளைக்குத் தேவைப்படும்" என்றாள்.

பின்னால் வில்லி கதிரையில் ஏறி நின்று கத்தினார். "சங்க விதிப்படி செத்தவனுக்குப் பதில் சொல்ல உரிமை இருக்கு! அடுத்த மாதம் சொல்லுவன். கென், எழுத்தைத் துடைச்சு வை!"

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஜாக் நிமிர்ந்து பார்த்தார். "சிரித்தாளா?" "சிரித்தாள்." தலையை ஆட்டிவிட்டு மை டின்னைத் திறந்தார்.

6. தந்தி முதலில், கல்வெட்டு பிறகு

வில்லி சொன்ன சொல் தவறவில்லை. மூன்று கிழமை கழித்து, சொசேஜ் சுற்றும் தாளில் எழுதிய ஒரு பாட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

"எங்கட கென்னுக்கு. நல்ல மரியாதையா இருக்கவேணும். படம் வேணும். அடியில திகதி இருக்கு, பார்த்துக்கொள்."

ஜாக் அந்த வேலையை என் கையிலேயே தந்தார். அப்போதுதான் வாழ்நாளில் முதல்முறையாக அவர் பல்லைப் பார்த்தேன். தங்கப் பல் ஒன்று உண்டு.

கத்தி எடாமல் ஆளைக் கொன்றான்,
கறுப்புக் கரையுள் போட்டு நின்றான்,
செத்தவன் வந்தால் தண்ணி தந்தான்;
     கென்னும் போயிட்டான்!
தன்ர பெட்டியைத் தானே செய்தான்,
     கென்னும் போயிட்டான்!

தன் கல்வெட்டைத் தானே கோர்த்த வேறு எவரையும் நான் சந்தித்ததில்லை. பகிடி என்று நன்றாகத் தெரியும். இருந்தும் என் பெயருக்குக் கீழே அந்தத் திகதியின் எழுத்துகளைப் பொறுக்கும்போது கை கொஞ்சம் ஆடியது. ரூலைச் சீவும்போதும் ஆடியது.

அதே வாரம் என் மூன்று மாதம் முடிந்தது. ஜாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் தலைகால் தெரியாமல் பவளத்துக்கு ஒரு பெரிய உறை தயாரித்தேன். ஜாக்கின் கடிதத்தின் பிரதி, விண்ணப்பப் படிவம், என் வேலையின் மாதிரியாக அந்தக் கல்வெட்டு, எல்லாவற்றையும் விளக்கி ஆறு பக்கக் கடிதம். ஓடிப்போய்த் தபாலில் சேர்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

பரமலிங்கம் கட்டிலில் இருந்து எதையோ வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா எழுதியிருக்கிறீர் மச்சான். நாட்காட்டியில இறைச்சி ஒட்டின இடம் அருமை."

ஆறு பக்கக் கடிதம்!

"அப்ப உறைக்குள்ள போனது என்ன?" என்றான்.

"ஜாக்கின்ர கடிதம். படிவம்."

"வேற?"

"என்ர கல்வெட்டு."

ஒரே உறையில் நான் நிரந்தர ஊழியன் என்று ஒரு தாளும், நான் காலமாகிவிட்டேன் என்று இன்னொரு தாளும். எது நிரந்தரம் என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? செருப்பையும் மறந்து தபால் கந்தோருக்கு ஓடினேன். உறை போய்விட்டது. தந்தி அடித்தேன்: 'உயிரோடு இருக்கிறேன். பயப்படாதே.'

"அடிச்சாச்சோ?" என்றான் பரமலிங்கம். "தந்தி நாளைக்கே போயிடும். உறை போக ஒரு கிழமையாவது செல்லும். அந்த ஒரு கிழமையும் அந்தப் பிள்ளை என்னத்துக்குப் பயப்படாமல் இருக்கிறது?"

அந்தக் கிழமையில் நான் இளைத்த உடம்பு இன்றுவரை திரும்பவில்லை.

இப்போது கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு கறுப்புக் கரைக் கல்வெட்டுகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. முதல்முறை வரும் அன்ரிமார் அதைப் பார்த்துவிட்டு, தேநீர் கொண்டுவரும் என்னையும் பார்த்துவிட்டு, கதிரை நுனியில் இருப்பார்கள். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விளங்காத ஒன்றைக் கோர்க்கும்போது வாய் விட்டு வாசியுங்கள். துக்க வீட்டாரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: ஆள் செத்துவிட்டாரா? மூலையை மட்டும் பகிடிக்கும் ஒழுங்காகச் சேருங்கள். எவர் தடவிப் பார்ப்பார் என்று தெரியாது.

சட்டத்துக்குள் இருக்கும் இரண்டாவது பிரதி பவளம் திருப்பி அனுப்பியது. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த உறையில் வேறு கடிதமில்லை, அது மட்டும்தான் இருந்தது, சிவப்பு மையில். வலது மேல் மூலையைச் சுழித்து 'கோடு சேரவில்லை' என்று எழுதியிருந்தாள். வில்லிக்குச் சேர்ந்த மூலை எனக்குச் சேரவில்லைதான். மறைவுத் திகதியை ஒரே கோட்டில் வெட்டி, ஓரத்தில் நீக்கற் குறி. அதற்குப் பக்கத்தில் அவளுடைய குண்டுக் கையெழுத்து:

'எனக்கு அறிவிக்காமல் போட்ட திகதி. நீக்கவும். இனிமேல் கல்வெட்டை முதலிலும் தந்தியைப் பிறகும் அனுப்பவும். மற்றதெல்லாம் சரி. படிவம் நிரப்பிக் கொடுத்திட்டன். வாறன்.'